அன்ட்றியாவின்ட சிவப்புப் பாவாடை

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
நவம்பர் 12

அன்பு மகன் நைஜலுக்கு,

மாதாவின்ட காவலில நானும் பப்பாவும் தங்கச்சியும் சுகமா இருக்கிறம், மெல்பனில நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருப்பாய் எண்டு நம்புறன். என்ன மம்மா கடதாசியில எழுதுறா எண்டு யோசிப்பாய். போனில எழுதினா அதையும் ஒருத்தன் படம்பிடிச்சு ஊருக்குக் காட்டுவான், எனக்கு இனி அந்த வேலை வேணாம். பப்பாவுக்கு முழங்கால் நோ குறைவு, வாவிக் காத்துக்கு வயலின் நரம்பு இளகுது எண்டு அதைத்தான் ஏசிக்கொண்டு இருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வாறன். செப்டம்பரில உன்ட மச்சான் கொலின்ட கலியாணத்தில எங்கட பறங்கியாக்கள்ட கப்ரிஞ்ஞா ஆட்டம் ஆடேக்க அன்ட்றியா பாவாடை விளிம்பை மிதிச்சுத் தடக்கி விழுந்தாளே, விழுந்தவள் சிரிச்சுக்கொண்டே எழும்பி ஆட்டத்தையும் முடிச்சாளே. அந்த வீடியோவைக் குடும்பத்துக்குள்ள பாக்கத்தான் உனக்கு அனுப்பினது. நீ, என்ட தங்கச்சியைப் பாருங்க எண்டு பேஸ்புக்கில ஊரறியப் போட்டாய். ஆசையிலதான் போட்டாய், தெரியும். ஆனா போன மாசம் எவனோ ஒருத்தன் அவள் எழும்பினதை வெட்டிப்போட்டு விழுந்ததை மட்டும் எடுத்து, ஒரு பாட்டும் சேர்த்து டிக்டொக்கில விட்டுட்டான். பறங்கிப் பெட்டைக்குக் குடிவெறி எண்டு கீழே எழுத்து. பதினேழு வயசுப் பிள்ளைக்கு! மூண்டு கிழமை பள்ளிக்கூடம் போகல்ல. சோத்துக் கோப்பையைத் தள்ளிவிட்டுப் போனும் கையுமா இருந்து, முகந்தெரியாதவன் எழுதின ஒவ்வொரு சொல்லையும் வாசிச்சாள். பப்பா போனை வாங்கி அலுமாரியில பூட்டினார், வாசிக்காட்டி இன்னும் பயமா இருக்கு எண்டு அழுதாள். இனி எந்தக் கலியாண வீட்டுக்கும் வரமாட்டன் எண்டாள். எனக்கு நெஞ்சு எரிஞ்சுது மகன்.

அவள்ட வகுப்பு யதுர்ஷன்தான் பள்ளிக்கூடத்துக்குள்ள அதைப் பரப்பினவன் எண்டு கேள்விப்பட்டு, தைச்சது தைச்சபடி கிடக்க எழும்பி அவன்ட வீட்டுக்குப் போனன். சும்மா பகிடிக்கு அன்டி எண்டான். பகிடியெண்டா உன்ட அக்கா விழுந்ததையும் போடு தம்பி பாப்பம் எண்டன். தன்ட போனில இருந்து அழிச்சான்தான், ஆனா அது எத்தனை போனுக்குப் போயிட்டோ, ஆரைப் போய்க் கேக்கிற?

மறுகா நீ போனில கூப்பிட்டு, ஜனவரியில கொலின்ட தங்கச்சி பியோனாட கலியாணத்தில அவளை ஆடவிட வேணாம், கொஞ்ச நாள் அடக்கி வைங்க எண்டாய். கேள் மகன், நான் என்ட பிள்ளையை ஒளிக்கமாட்டன். பிழை செஞ்சவன் வெளியில திரிய, விழுந்தவள் வீட்டுக்குள்ள கிடக்கிறதா? அடுத்த நாளே கடைக்குப் போய், முந்தினதை விடச் சிவப்பாத் துணி வாங்கிப் பாவாடை தைக்கத் தொடங்கினன். ஒரு கிழமை அவள் திரும்பியும் பாக்கல்ல, நானும் தைக்கிறதை நிப்பாட்டல்ல. போன ஞாயிறு பூசை முடிஞ்சு வந்தவள் தையல் மெசினுக்குப் பக்கத்தில நிண்டு, விளிம்பை ரெண்டு அங்குலம் ஏத்துங்க மம்மா, மிதிபடாம இருக்கும் எண்டாள். கேட்ட சந்தோஷத்தில நான் ஊசியை விரலில குத்திக்கொண்டன். திங்கக்கிழமை பள்ளிக்கூடமும் போயிட்டாள்.

பியோனாட்டயும் சொல்லிப்போட்டன், கலியாண வீட்டு வாசலில பெரிய பனையோலைக் கடகம் ஒண்டு வைக்கப்போறன், வாற ஆக்கள்ட போன் எல்லாம் அதுக்குள்ள, பாதர் எண்டாலும் போட்டுட்டுத்தான் உள்ளுக்கு வரலாம். உனக்கும் வீடியோ வராது, கேக்காத. இன்னொண்டு, ஆட்டத்துக்கு நாலு சோடி வேணும். முந்தி அவளோட ஆடின பொடியன், தன்னையும் பகிடி பண்ணுவாங்க எண்டு பின்வாங்கிட்டான். இப்ப அவளுக்கு எதிரே நிக்க ஆளில்ல. அவள் உன்ட பேரைச் சொல்லல்ல, நான் சொல்றன். போனில பெருமைப்பட்டது போதும், வந்து பக்கத்தில நில்.

மாதா உன்னைக் கைவிடமாட்டா. வெயிலுக்குத் தொப்பி போடு. உன்ட நெஞ்சளவும் கைநீளமும் மறக்காம அனுப்பு, அதைப் போனில அனுப்பினாலும் பரவாயில்ல. சிவப்புத் துணியில உனக்கும் ஒரு சேட்டுத் தைக்க மிச்சம் வைச்சிருக்கிறன்.

உன்ட மம்மா,
கொன்ஸ்டன்ஸ்