திருநீற்றுத் தட்டில் இருந்த கடதாசி

நொய்ஸ்,
5.12.2025

அன்பு மகள் தக்சாயினிக்கு,

உன் அம்மா எழுதுவது. அங்கே குளிருக்குக் காதை மூடி, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை. இந்தமுறை அதை விட்டுவிடுகிறேன்.

தினமும் வீடியோவில் கதைக்கிறோம், பிறகு கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். நீ எடுக்கும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் வந்து இருந்துவிடுகிறார். அது போதாதென்று, பிள்ளைக்கு ஒரு சொல்லும் வாயால் சொல்லமாட்டேன் என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். எழுதமாட்டேன் என்று நான் சத்தியம் பண்ணவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று காரைவிட்டு இறங்காமல் அழுவாயே, அந்தப் படிப்பு இன்றைக்குத்தான் உதவப்போகிறது. எழுத்துக்கூட்டியாவது கடைசிவரை வாசி. மத்தியானக் கூட்டம் குறைந்தபிறகு நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம், சோற்றுப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து எழுதுகிறேன். பெட்டியின்மேல் வைத்து எழுதுவதால் எழுத்துக் கோணல்மாணலாக இருக்கும்.

போன மாதம் நாங்கள் ஜப்பானுக்கு வந்தபோது நீ கூட்டிக்கொண்டு போன மலைக்கோயிலில் எடுத்த படம் ஒன்றை இன்னும் உன் வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிறாய். பாதிப் படியில் அப்பா இருக்கிறார், தலைக்குமேல் சிவத்த இலை, கை நெஞ்சில். "அப்பா ராசா மாதிரிப் போஸ் குடுக்கிறார்" என்று சிரித்துச் சிரித்து எடுத்தாய். நானும் சிரித்தேன். அது போஸ் இல்லை பிள்ளை. நெஞ்சு இறுகி, மூச்சு எடுக்க ஏலாமல் இருந்திருக்கிறார். "நான் இலையைப் பாத்துக்கொண்டு இருக்கிறன், நீங்கள் ஏறுங்கோ" என்று சொன்னது அதற்காகத்தான். பிறகு கைபிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து மேலே வந்து சேர்ந்தார். உன் சந்தோசத்தைக் கெடுக்கக்கூடாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சுக் காட்டவில்லை.

இங்கே திரும்பி வந்து மூன்றாம் நாள் பஸ் தரிப்பில் இருந்து எழும்ப ஏலாமல் போனபோதுதான் வாயைத் திறந்தார். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். இருதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு. நெஞ்சைத் திறந்துதான் செய்யவேண்டுமாம். ஒப்பரேசனுக்குத் தந்த டெர்மின் இந்த மாதம் பதினாறாம் திகதி, செவ்வாய்க்கிழமை. இது தாங்கள் தினமும் செய்கிற ஒப்பரேசன், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அவருக்குத் தினமும் ஒரு ஆள் வருவார். எனக்கு இருப்பது ஒரே ஒரு மனுசன்.

இனி உறைக்குள் இருக்கும் சின்னக் கடதாசிக்கு வருகிறேன். அதுவும் அந்தக் கோயிலில் எடுத்ததுதான். நீ தேத்தண்ணி வாங்கப் போயிருந்த நேரம், மற்றவர்களைப் பார்த்து அப்பாவும் பலன் பார்க்கிற குச்சிகள் இருந்த மரப்பெட்டியைக் குலுக்கினார். வெளியே வந்த குச்சியின் இலக்கத்தைப் பார்த்து இதைக் கொடுத்தார்கள். சுற்றிவரச் சனம் தங்கள் கடதாசியை மடித்துக் கம்பியில் கட்டிக்கொண்டு நின்றது. நாங்களும் கட்டுவோமா என்று கேட்டேன். "அது நேர்த்தி வைக்கிற ஆக்கள் கட்டுறது. கோயிலில தந்ததை ஆரும் விட்டிட்டுப் போவினமோ?" என்று சொல்லி, கண்ணில் ஒற்றி, சட்டைப் பையில் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் நான் வாங்கித் திருநீற்றுத் தட்டில் வைத்தேன். அன்றிலிருந்து அதற்கும் சேர்த்துப் பூ வைத்து விளக்குக் காட்டினேன்.

ஒப்பரேசனுக்குத் திகதி குறித்ததும், அதில் என்ன நல்ல வார்த்தை எழுதியிருக்கிறது என்று அறிந்து அப்பாவுக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். எங்கள் கடை முதலாளி யோஷிக்கோ அம்மா ஜப்பான்காரிதானே. பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். விரித்துப் பார்த்தவவின் முகம் மாறிவிட்டது. இதை ஏன் அங்கேயே கட்டிவிட்டு வரவில்லை என்று கேட்டா. மேலே பெரிதாக இருக்கும் எழுத்துக்குக் கெட்ட பலன் என்று அர்த்தமாம். கெட்டது வந்தால் கம்பியில் கட்டிக் கோயிலிலேயே விட்டுவிட்டு வருவது அவர்கள் வழக்கமாம். நாங்கள் அதைப் பிளேன் ஏற்றிக் கொண்டுவந்து பூ வைத்துக் கும்பிட்டிருக்கிறோம்.

சொல்லமாட்டேன் என்றவவை விடாமல் பிடித்து வாசிக்க வைத்தேன். என் வாய்தான் எனக்குச் சத்துரு. வீடு மாறுவது, வேண்டாம். அது எங்களுக்குத் தேவையில்லை. நோய், இலேசில் விடாது. காத்திருக்கும் ஆள், வரமாட்டார்.

இதெல்லாம் கவனமாக இரு என்று சொல்வதற்கு எழுதுவது, வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள் என்று யோஷிக்கோ அம்மா என் கையைப் பிடித்துச் சமாதானம் சொன்னா. தலையை ஆட்டினேன். அன்றைக்கு நான் பொரித்ததெல்லாம் கருகிப்போயிற்று. கோயில் கடதாசியை எரிக்கவும் பயம், எறியவும் பயம், வீட்டில் வைத்திருக்கவும் பயம். அப்பாவுக்கு இது ஒன்றும் தெரியாது. தட்டில் கடதாசியைக் காணவில்லையே என்று நேற்றுக் கேட்டார். கார்த்திகை விளக்கீட்டுக்குத் தட்டைத் துடைத்தபோது எடுத்து வைத்தேன் என்று பொய் சொன்னேன்.

அந்தக் கடைசி வரிதான் என்னைத் தின்கிறது. உன் அப்பப்பா யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அப்பாவின் அகதி அன்ராக், அந்த விண்ணப்பம், இன்னும் முடியவில்லை. இந்த நாட்டைவிட்டு வெளிக்கிட ஏலாது. பதினொரு நாள் அந்த மனுசன் வாசலைப் பார்த்தபடி கிடந்து கண்ணை மூடியது. அப்பா அதைப்பற்றி உன்னிடம் ஒருநாளும் கதைத்திருக்கமாட்டார். என்னிடமும் ஒரே ஒருமுறைதான்.

உன்னுடைய படிப்பு ரிப்போர்ட் கொடுக்கவேண்டியது பதினெட்டாம் திகதி என்று எனக்குத் தெரியும். "சொன்னால் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்திடும், ரெண்டு வருசப் படிப்பு வீணாய்ப் போயிடும்" என்றுதான் அப்பா என் வாயைக் கட்டினார். ஆனால் பின்னேரமானால், "இப்ப அங்க எத்தினை மணி, பிள்ளை படுத்திருக்குமோ" என்று கேட்கிறார். எட்டு மணித்தியாலம் கூட்டவேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? முந்தாநாள் ஜப்பானில் இருந்து நேரே பிளேன் இருக்கிறதா என்றார். நான் திரும்பிப் பார்த்ததும், "சும்மா கேட்டனான்" என்று ரீவியைப் போட்டார்.

நீ திரும்ப அந்த மலைக்குப் போய் இதைக் கட்டவேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். எழுத எழுத எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. அங்கே போய்வர உனக்கு ஒரு முழு நாள் வேணும். அந்த நாளை மலையில் விடாதே. நோய்க்கு டாக்டர்மார் இருக்கிறார்கள், ஊன்ட்றொப் கோயிலில் காமாட்சி அம்மன் இருக்கிறா. கடைசி வரிக்கு உன்னைவிட்டால் ஒருவரும் இல்லை.

கடதாசியை உன் கைப்பையிலேயே வைத்திரு. அடுத்த வருசம் இலை சிவக்கும்போது அப்பாவே படி ஏறிவந்து தன் கையால் கட்டட்டும். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், நாலு நாளில் கிடைக்கும் என்றார்கள். கிடைத்ததும் போனில் ஒன்றும் கேளாதே. நீ வந்து கதவைத் தட்டினால் சத்தியத்தை மீறிவிட்டாய் என்று என்னை ஏசுவார். ஏசட்டும், கேட்டுக்கொண்டு நிற்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவார்களாம். போகமுதல் அவர் வாசலைப் பார்ப்பார். காமாட்சித் தாய் அதற்குள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா
கமலநாயகி