பார்க்காமலே சேர்த்த தையல் வகுப்பு

வீட்டுக்காரருக்கு,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். என் சாவி டிவி பக்கத்தில்.

நான் யூடியூபில் போடும் தையல் வகுப்பு வீடியோக்களை, வீட்டில் நீங்கள் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சர்வர் தானாகவே இறக்கிச் சேமித்து வைக்கிறது என்று என் தம்பியிடம் பெருமையடித்தீர்கள். “உங்க அக்கா போட்ட அடுத்த நிமிஷமே வந்துடும் மச்சான், நான் கையே வைக்க வேணாம்!”

கண்ணும் வைக்கவில்லை என்று இன்றுதான் தெரிந்தது. டிவியில் திறந்து பார்த்தேன். அத்தனை வகுப்பின் மேலும் ‘பார்க்கவில்லை’ என்ற குறி.

வேறு ஊர்ப் பயிற்சிப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. நேரில் சொல்ல வந்தபோதெல்லாம், “இரு, இது இறங்கி முடியட்டும்” என்றீர்கள். அதனால் போன வார வகுப்பின் கடைசியில் சொன்னேன். முகம் தெரியாத மாணவிகள் அழுது எழுதினார்கள். நீங்களோ காலையில் என் பெட்டியைப் பார்த்து, “லாண்டரிக்கா?” என்று கேட்டீர்கள்.

கிளம்புகிறேன். கூப்பிட வேண்டாம்.

பி.கு.: தையல் மிஷினை எடுக்க நாளை ஆள் வருவார். கதவை நீங்கள்தான் எழுந்து திறக்க வேண்டும், அது தானாகத் திறக்காது.

இன்னொன்று. காலர் வைக்கும் வகுப்பில், “இது எங்க வீட்டுக்காரருக்கு” என்று சொல்லித்தான் அந்த நீலச் சட்டையைத் தைத்தேன். எங்கே என்று கேட்பீர்கள் எனக் காத்திருந்தேன். இப்போது அதைத் தம்பி போட்டுக்கொள்கிறான். அவனுக்குக் கொஞ்சம் லூஸ்தான்.