ஒரு நொடிக்கு எத்தனை

மார்ச் 4
மேற்பார்வையாளர் தேர்வு இருபதாம் தேதி. இடம் ஒன்றே ஒன்று. நானும் அண்ணியும் எழுதுகிறோம். பம்புகளைச் சோதிக்கும் பிரிவில் இருவருக்கும் ஒரே மேசை. அண்ணிக்கு இயற்பியல் என்றாலே பயம். "நீதான் படிச்சவ. அலைக் கணக்கு மட்டும் சொல்லிக் குடும்மா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ச் 9
மதிய இடைவேளையில் பாடம். ஐந்து நொடியில் இருபது அலைகள் என்றால் அதிர்வெண் என்ன? ஐந்தை இருபதால் வகுக்கச் சொன்னேன். விடை கால்.
"எதுக்கும் புத்தகத்த ஒரு தடவ பாத்துடலாமா?"
"என்னை நம்பலையா அண்ணி?"
புத்தகம் மூடியே கிடந்தது.

மார்ச் 20
தேர்வு முடிந்தது. எழுதக் கை கூசுகிறது.
காலையில் தேர்வுக்குப் போகும் பேருந்தில் ஓட்டுநரின் சாவிக்கொத்து ஆடிக்கொண்டிருந்தது. சும்மா எண்ணினேன். ஐந்து நொடியில் பத்து முறை போய் வந்தது. அப்படியானால் நொடிக்கு இரண்டு. பத்தை ஐந்தால் வகுத்தால்தானே இரண்டு வரும்? திக்கென்றது. நான் சொல்லிக் கொடுத்தது தலைகீழ். அது ஓர் அலைக்கு ஆகும் நேரம் — அலைவு நேரம். அதிர்வெண் இல்லவே இல்லை.
பக்கத்து இருக்கையில் அண்ணி கண்ணை மூடி என் தப்பான பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இன்னும் இருபது நிமிடப் பயணம். ஒரு வார்த்தை போதும். நான் வாயைத் திறக்கவில்லை.
கடைசி நேரத்தில் குழப்ப வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதானா காரணம்? இடம் ஒண்ணுதானே... அதுவா?

மார்ச் 21
ஆமாம். அதுதான்.

ஏப்ரல் 6
இடம் எனக்கு. அண்ணிக்கு என்னைவிட இரண்டு மதிப்பெண் குறைவு. அதிர்வெண் தப்பு, அதை வைத்துக் கண்ட அலையின் வேகமும் தப்பு. அதிலேயே ஆறு போய்விட்டது. அண்ணி என்னைக் கட்டிக்கொண்டார். "நீ எவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்த. என் மண்டையிலதான் ஏறல."
நான் தலையாட்டினேன். தலையாட்டினேனே, பாவி!

ஏப்ரல் 8
ஒவ்வொரு வாழ்த்தும் செருப்படி.

ஏப்ரல் 11
சொல்லிவிட்டேன். அண்ணி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.
"எப்ப தெரிஞ்சுது?"
"பஸ்ல."
"நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்?"
"ஆமா அண்ணி."
"தப்பா சொல்லிக் குடுத்தியே, அது யாருக்கும் வர்றதுதான்..."
மீதித் துணியை உதறி உதறிப் போட்டார். கிளிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் வாங்கவில்லை.

ஏப்ரல் 13
மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லி, இடத்தை அண்ணிக்கே தரச் சொன்னேன். "பேப்பர்ல இருக்கறதத்தாம்மா நான் பாக்க முடியும்" என்றார். விஷயம் அண்ணி காதுக்குப் போயிருக்கிறது. சாயங்காலம் அண்ணன் வந்தான்.
"பிச்சை வேணாம்னு சொல்லச் சொன்னா."

அக்டோபர் 14
அடுத்த தேர்வுக்கு அண்ணி தனியாகவே படித்துத் தேறிவிட்டார். இன்று முதல் மாலை ஷிப்டுக்கு அவர்தான் மேற்பார்வையாளர். ஷிப்டு மாறும்போது பதிவேட்டை நீட்டினேன். "மூணாவது மோட்டார், நிமிஷத்துக்கு ஆயிரத்தி ஐந்நூறு சுத்து. நொடிக்கு இருபத்தஞ்சு."
அண்ணி பேனாவை எடுத்து, பதிவேட்டின் ஓரத்தில் அறுபதால் வகுத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டார்.
"நீ கிளம்பு" என்றார்.
ஆறு மாதத்தில் என்னிடம் நேராகப் பேசியது இதுதான்.