சாருக்கு இரண்டு, எனக்கு மூன்று

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாம் அத்தியாயம் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. சார் — என் ஆய்வு வழிகாட்டி, துறையில் எல்லோருக்கும் ‘கறார்’ — மேசை மேல் தள்ளினார். “மூணு இல்லம்மா, ரெண்டு. போய் ஒழுங்கா எண்ணிட்டு வா.” இருபதாம் தேதிக்குள் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் என் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

மார்ச் 4

எண்ணினேன். கனசதுரத்தின் எட்டு மூலைகளில் நான்கு வெள்ளைப் புள்ளி, நான்கு கறுப்பு. ஒவ்வொரு மூலையிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கோடுகள். வெள்ளையைக் கறுப்போடு கோடு போட்டு ஜோடி சேர்க்க இருபத்துநான்கு வழி. ஜோடிக்கோடும் ஒரு நிறமும் மாறி மாறி வந்து எத்தனை வளையம் மூடுகிறது என்று ஒவ்வொரு வழிக்கும் எண்ணினால் சீரற்ற டென்சர் என்கிற எண் அடுக்கின் சராசரி கையில். அதிகபட்சம் எட்டு வளையம். எட்டு தருகிற வழிகள் மூன்று. மூன்றேதான்!

சாருக்கு இரண்டு. வழிகளின் மொத்தம் மட்டும் இருவருக்கும் இருபத்துநான்கு. கூட்டிப் பார்த்துக் கள்ளனைப் பிடிக்கவும் வழியில்லை.

மார்ச் 6

அவர் ஓரத்தில் கிறுக்கியதைப் பார்த்தேன். மேல்தளத்தில் மட்டும் சிவப்பும் பச்சையும் இடம் மாறியிருக்கின்றன. கவனக்குறைவா — கறாருக்கா?

மார்ச் 9, திங்கள்

குளிக்கும்போது உறைத்தது. இரண்டாம் அத்தியாயத்தை ஒரு கீறல் இல்லாமல் பாராட்டினாரே! அதில் சிவப்பும் பச்சையும் எப்போதும் ஒரே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சேர்ந்தே போகும். எது எதுவென்று தெரியாமலே சரியாக எண்ணலாம்.

ஐயோ. மனுஷருக்கு இரண்டும் ஒரே நிறம்.

மார்ச் 10

என் வால் சும்மா இருக்குமா? பச்சைக் கோடுகளையும் சிவப்பிலேயே வரைந்து நீட்டினேன். தலையும் இல்லை, காலும் இல்லை, அப்படியொரு படம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுசாக எண்ணினார். “இப்பதான் உருப்படியா வரைஞ்சிருக்கே. ஆனா ரெண்டுதான்.” கழிவறைக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன்.

அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “வயசான மனுஷன்கிட்ட என்னடி விளையாட்டு? நேராச் சொல்லேன்.”

எப்படிச் சொல்வது? வெட்கமாகிவிட்டது.

மார்ச் 12

“கலர் பிரிண்டர் ரிப்பேர் சார்” என்று கூசாமல் புளுகினேன். சிவப்புக்கு நேர்க்கோடு, பச்சைக்குப் புள்ளிக்கோடு, நீலத்துக்கு இரட்டைக்கோடு. பத்தே நிமிடம். “மூணு” என்றார், வேண்டாவெறுப்பாக. கையெழுத்து விழுந்துவிட்டது!

மார்ச் 13

சார் பிரிண்டர் அறையிலிருந்து வந்தார். “நல்லாத்தானே வேலை செய்யுது?” நான் தரையைப் பார்த்தேன். “எப்பத் தெரிஞ்சுது உனக்கு?”

“திங்கக்கிழமை சார்.”

“எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும். சமாளிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.” அலமாரியிலிருந்து ஒரு பழைய மாணவனின் கோப்பை எடுத்தார். “இவன் படமும் கலர்லதான். நாலு தடவை திருப்பி அனுப்பினேன். அஞ்சாவது தடவை அவன் வரல. எந்தக் கோடு என்ன நிறம்னு படிம்மா.”

படித்தேன். அவர் எண்ணினார். சாப்பாட்டு நேரம் தாண்டிப் போயிற்று. அந்த மாணவனின் விடை சரி.

அவனுடைய போன் நம்பரைத் தேடிப் பிடித்து அழைத்தார். “தம்பி, நான்தான்பா. உன் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு.” அப்புறம் சார் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.