சத்தம் போன ஜீப்பு

டாக்டரம்மா,

இன்று காலை ஒடுகத்தூர் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வேர்க்கடலை மூட்டை ஏற்றிய ஒரு லோடு வண்டி வேகத்தடை வந்ததும் கிறீச்சென்று கத்தியது. கிளட்சை மிதித்தால் கத்தல், விட்டால் அமைதி. டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டுப் போய் வண்டியை மறித்தேன்.

"கிளட்ச் பேரிங் போச்சு, நைனா. கால அது மேலயே வெச்சிக்கினு ஓட்றியா?"

"நீ இன்னா பெர்சு, மெக்கானிக்கா?" என்றான் ஓட்டி வந்தவன்.

இல்லப்பா, டாக்டர்கிட்ட வேலை செஞ்சவன் என்று வாய் வரை வந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது. வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. நீங்கள் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது இன்றுதான். சிரித்தது உங்களால்தான் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. அமிர்திக்கு இந்தப் பக்கம் இருந்த நம் சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் நீங்கள் ஒரே டாக்டர், நான் ஒரே டிரைவர். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பு ஒன்று இருந்தது. வியாழக்கிழமை தோறும் காட்டுப் பாதையில் சவ்வாது மலை ஏறுவோம். மேலே ஒரு ஊர்ப் புளியமரத்தடியில் ஜீப்பை நிறுத்திப் பின்பக்கத்தைத் திறந்துவிட்டால் அதுதான் கிளினிக். காய்ச்சலுக்கு மாத்திரை, புண்ணுக்குக் கட்டு, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஊசி என்று எல்லாம் அங்கேயே நடக்கும். ஆனால் உங்கள் கவலை முழுக்க காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மேல்தான். பாதியில் நிறுத்தினால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும் என்று நீங்கள் சொல்லாத வாரம் கிடையாது.

அவர்களில் ஒருத்தி வெள்ளச்சி. உடம்பு குச்சி, வாய் மட்டும் கோயில் மேளம். வெள்ளச்சிக்கு எல்லோரும் ஒருமைதான், நீங்கள் உட்பட. "இந்த மாத்திரைய நீ ஒரு வாட்டி முழுங்கிப் பாரு, அப்புறம் என்னிய திட்டு" என்பாள். உங்களுக்கு அவளைப் பிடிக்கும். உங்களைத் திட்டுகிற ஆள் அவள் ஒருத்திதான் என்பதால் எனக்கும் பிடிக்கும்.

வம்பு எங்கே ஆரம்பித்தது என்றால், ஜீப்பு ஓட்டக் கற்றுக்கொடு என்று நீங்கள் பிடித்த பிடிவாதத்தில். கற்றுக்கொடுத்தேன். ஸ்டியரிங், கியர் எல்லாம் சட்டென்று வந்துவிட்டது. இடது காலைக் கிளட்ச் பெடலை விட்டு எடுக்க மட்டும் உங்களுக்கு வரவே இல்லை.

"காலை எடுங்கம்மா. அது கால் வெச்சிக்கிற பலகை இல்லீங்க."

"மேட்டுல வண்டி பின்னாடி போய்டுமேய்யா. பயமா இருக்குது."

"அதுக்கு பிரேக்குன்னு ஒண்ணு இருக்குதுங்கம்மா."

"இருக்கட்டும். எனக்கு ரெண்டும் வேணும்."

மலைப் பாதையில் பாதி தூரம் நீங்கள்தான் ஓட்டுவீர்கள். பெடலை மிதிக்கும்போது மட்டும் ஓட வேண்டிய பேரிங் உங்கள் தயவில் ஓயாமல் ஓடியது. சில மாதத்தில் கத்த ஆரம்பித்தது. சாதாரணக் கத்தலா அது! மயிலின் தொண்டையில் எலும்பு மாட்டியது போல ஒரு அலறல். ஒவ்வொரு வளைவிலும் கியர் மாற்றப் பெடலை மிதிக்க வேண்டும், ஒவ்வொரு வளைவிலும் அலறும். எதிர்மலையில் பட்டு நம்மிடமே திரும்பி வரும். இஸ்திரி போடாத காக்கிச் சட்டையைத் தொடாதவன் நான். என் வண்டி ஊர் சிரிக்கக் கத்துகிறதே என்று மானம் போனது. நீங்களோ அதை ரசித்தீர்கள். அந்த மாதங்களில் மலையில் கூட்டம் வேறு கூடிக்கொண்டே போனது. முன்பெல்லாம் வந்து சேர்ந்த பிறகு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருப்போம். இப்போது நாம் போகும்போதே மரத்தடியில் வரிசை உட்கார்ந்திருக்கும். "எல்லாம் உங்க கைராசிங்கம்மா" என்றேன். நீங்கள் மறுக்கவில்லை.

வேலூரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். ஓட்டிப் பார்க்காமலே, கியர் பாக்ஸ் போய்விட்டது, வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார். நான் கிளட்ச் பேரிங்தான் என்றேன். நீங்கள் என்னைப் பார்த்து, "ஆதாரம் இன்னா?" என்றீர்கள். மலைக்குப் போய்ப் போய் உங்களுக்கும் 'இன்னா' தொற்றியிருந்தது.

அப்புறம் செய்தீர்களே ஒரு காரியம்! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கழுத்தில் இருந்த ஸ்டெதஸ்கோப்போடு ஜீப்புக்கு அடியில் போய்விட்டீர்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. கிளட்ச் கூட்டின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, உள்ளிருந்து குரல் கொடுத்தீர்கள். "மிதி. விடு. மறுபடி மிதி." கடைத்தெருவே கூடிவிட்டது. தலையெல்லாம் புழுதியோடு வெளியே வந்து சொன்னீர்கள்: "முனுசாமி சொல்றதுதான் சரி. தொட்டா கத்துது, கையெடுத்தா நிக்குது. தொட்ட எடத்துலதான் நோவு." புது பேரிங் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். எப்போது மாற்றுவது என்று இருந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரிக் கமிட்டியின் செயலாளர் சொல்லி அனுப்பினார்.

அடுத்த வியாழக்கிழமை அவரும் மலைக்கு வருகிறார். கெட்ட மனிதர் அல்ல. கீழ் ஊர்களிலேயே ஜீப்புக்கு வேலை இருக்கும்போது, பழுதான வண்டியை மலை ஏற்ற வேண்டுமா, அங்கே அத்தனை பேர் நிஜமாகவே வருகிறார்களா என்பது அவர் கேள்வி. நேரில் பார்த்துவிட்டு, மலைக்கு ஜீப்பு போகலாமா நிறுத்திவிடலாமா என்று முடிவு சொல்வார். அன்று நீங்கள் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. "ஜீப்பு நின்னா வெள்ளச்சி செத்துடுவாய்யா" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

"கத்தாத வண்டில கூட்டிக்கினு போவோம்மா. வரிசையப் பார்த்தார்னா அவரே ஒத்துக்குவார்" என்றேன்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக் கொட்டகையில் ஜீப்பைப் பிரித்தோம். சீட்டுக்குக் கீழே தகரப் பலகையைக் கழற்றி, முன்னும் பின்னும் போகும் ஷாஃப்டுகளைக் கழற்றி, ஜாக்கி மேல் கியர் பாக்ஸை இறக்கிப் பின்னால் நகர்த்த வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் அந்தப் பெட்டி இரட்டைப் பிள்ளை மாதிரி கனக்கும். நான் கீழே படுத்திருந்தேன். நீங்கள் ஆபரேஷனுக்கு வைக்கும் எனாமல் தட்டில் ஸ்பானர்களை வரிசையாக அடுக்கி, நான் கை நீட்டினால் உள்ளங்கையில் பட்டென்று வைத்தீர்கள். கழற்றிய போல்ட்டுகளைத் துணியில் துடைத்து, வந்த வரிசையிலேயே வைத்தீர்கள். "உள்ள எதையாவது விட்டுட்டுத் தெச்சிடாதே" என்று வேறு எச்சரித்தீர்கள். பழைய பேரிங்கைக் காதருகே வைத்துச் சுழற்றிவிட்டு, "ஐயோ பாவம், மணல் அரைக்குதே" என்றீர்கள். அதைப் பாவமாக்கியதே உங்கள் இடது கால்தான் என்று சொன்னதும் அடுத்த ஸ்பானர் கொஞ்சம் வேகமாக வந்து விழுந்தது. எல்லாம் மாட்டி முடித்து, பெடல் கொஞ்சம் சும்மா போன பிறகே பிடிக்கும்படி முடுக்கிவிட்டு, மிதித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. நீங்கள் கை தட்டினீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கிரீஸ் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

வியாழக்கிழமை ஜீப்பு பூனை மாதிரி மலை ஏறியது. செயலாளர் முன் சீட்டில் வெள்ளை வேட்டியும் குடையுமாக உட்கார்ந்திருந்தார். "வண்டி நல்லாத்தானே இருக்குது?" என்றார் ஆச்சரியமாக. நான் மீசையைத் தடவிக்கொண்டேன். மேல் வளைவைத் தாண்டிப் புளியமரத்தடிக்கு வந்தோம்.

ஒரு ஆள் இல்லை.

நீங்கள் மருந்துப் பெட்டிகளைத் திறந்து வைத்தீர்கள். மூடி, மறுபடி திறந்தீர்கள். நான் ஹாரன் அடித்தேன். ஒரு நாய் வந்து சக்கரத்தை மோந்து பார்த்துவிட்டுப் போனது. மலையில் ஹாரன் என்றால் புளி வியாபாரி. அவனே வீடு தேடிப் போவான், அவனுக்காக யாரும் களையெடுப்பை விட்டு வர மாட்டார்கள். செயலாளர் வேர் மேல் உட்கார்ந்து, ரொம்பவும் மரியாதையாகத்தான் கேட்டார்: "இவ்ளோ தூரம் வர்றீங்க, ஆளே வர்றதில்லீங்களே டாக்டர்?" உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அப்போது விறகுக் கட்டோடு ஒரு மலைக்காரர் அந்த வழியாக வந்தார். நம்மைப் பார்த்துக் கட்டைக் கீழே போட்டுவிட்டார்.

"அட, டாக்டரம்மா! எப்ப வந்தீங்கோ? கூவல் கேக்கவே இல்லியே!"

"இன்னா கூவல்?" என்றீர்கள்.

"வண்டி கூவுமே! கீழ் வளைவுல கூவுனா களைக்கொட்ட கீழ வெப்போம். நடு வளைவுல கூவுனா கைகால் கழுவுவோம். மேல் வளைவுல கூவுனா இங்க வந்து குந்திக்குவோம். இன்னிக்கி கூவலியா, நீங்க வரலன்னு எல்லாம் சாமைக் கொல்லையில கெடக்குறாங்கோ."

நாம் கிழமையை நம்பிக்கொண்டிருந்தோம், டாக்டரம்மா. அவர்கள் உங்கள் இடது காலை நம்பிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். "பழச மாட்டிடலாமா?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

பிறகு நீங்கள் ஜீப்பின் பானெட் மேல் ஏறினீர்கள். ஆர்க்காட்டுக் குடும்பத்துப் பெண், வெளியூரில் படித்த டாக்டர், செயலாளர் கண் முன்னால் இரண்டு கையையும் வாயருகே குவித்து, "க்ர்ர்ரீஈஈஈச்!" என்று கத்தினீர்கள். செயலாளரின் குடை கீழே விழுந்தது. விறகுக்காரர் யோசித்தார். "கிட்டத்தட்ட" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அது மூணாவது கியர்ங்கம்மா. மேல் வளைவுல ரெண்டாவதுக்கு மாத்துவோம். அப்ப இன்னும் மெலிசா இழுக்கும்."

"அப்ப நீ ஏறுய்யா!"

இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையோடு ஏறினேன். முதல் கூவலுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாவது கூவலில் வெட்கம் போய்விட்டது. கீழ் வளைவு, நடு வளைவு, மேல் வளைவு என்று முறைப்படி, மூச்சு வாங்கி வாங்கி, நாம் இருவரும் அந்த மலையைப் பார்த்துக் கத்தினோம். சரிவில் ஒரு தலை நிமிர்ந்தது. அப்புறம் இன்னொன்று. கொல்லைகளிலிருந்து திபுதிபுவென்று இறங்கி வந்தார்கள். முன்னால் வெள்ளச்சி, மண் ஒட்டிய கையோடு.

"இன்னா டாக்டரம்மா, வண்டிக்குத் தொண்ட கட்டிக்கிச்சா? நீ கூவிக்கினு கீற?"

அவளைக் கட்டிக்கொண்டு நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணீரும் நிற்கவில்லை. அன்று வரிசை பொழுது சாயும் வரை இருந்தது. செயலாளர் குடையை ஓரமாக வைத்துவிட்டுக் கட்டுத்துணி கிழித்துக் கொடுத்தார். இறங்கும்போது, "ஜீப்பு மலைக்கே வரட்டும் டாக்டர். அந்தச் சத்தத்துக்கு மட்டும் எதாவது ஏற்பாடு பண்ணிக்குங்க" என்றார்.

ஏற்பாடு நாம்தான். அதன் பிறகு நீங்கள் ஓட்டினால் நான் தலையை வெளியே நீட்டிக் கூவுவேன், நான் ஓட்டினால் நீங்கள். வெள்ளச்சி கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு, வாயை அகலத் திறந்து உங்களிடம் காட்டினாள். "போச்சா? இனிமே திட்டாதே" என்றாள். அந்த வாரமும் கூவிக்கொண்டுதான் இறங்கினோம், காரணமே இல்லாமல்.

உங்களை வேலூர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த அன்று, பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் மாலையோடு நின்றார்கள். குரலை உயர்த்தி யாரும் பேசவில்லை. மதியத்துக்கு மேல் ஜமுனாமரத்தூரிலிருந்து பஸ் பிடித்து மலைக்காரர்கள் ஒரு கூட்டமாக வந்து இறங்கினார்கள். அந்தக் கூட்டத்தை நடத்திக்கொண்டு வந்தவள் வெள்ளச்சி. தலை முழுக்க வெள்ளை, நடையில் ஒரு குறையும் இல்லை. வாசலில் என்னைக் கண்டதும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா டிரைவரே, சும்மா நிக்கிற? கூவு."

"இங்க வாணாம் வெள்ளச்சி. எல்லாரும் இருக்காங்க."

"நாங்க வந்துட்டோம்னு அம்மாவுக்கு எப்புடித் தெரியும்? கூவு."

கையை வாயருகே குவித்தேன். மாலையோடு நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். கீழ் வளைவு கூவினேன், டாக்டரம்மா. நடு வளைவு கூவினேன். மேல் வளைவுக்கு வரும்போது அழுகை தொண்டையை அடைத்துவிட்டது. அதனால் ரெண்டாவது கியர் அச்சு அசல் அந்த பேரிங் மாதிரியே வந்தது.

உங்கள் டிரைவர்,
முனுசாமி