இருபத்தெட்டாம் நாள் கட்டம்

ஏய் லேப்காரி,

என் மேஜை டிராயரில் தட்டையாகச் சின்ன பேட்டரி ஒன்று கிடக்கிறது. கைக்கடிகாரத்தில் போடுவதைவிடக் கொஞ்சம் பெரிது. குப்பையில் போட மனசு வரவில்லை, வைத்துக்கொள்ளவும் ஒரு காரணமும் இல்லை. போன மாதம் இதுதான் உன் எண்களையெல்லாம் தொலைத்தது.

நடந்ததைச் சொல்கிறேன். பெரம்பலூரில் பராமரிப்பு என்று சொல்லி மாதத்தில் ஒருநாள் கரண்டை நிறுத்துவார்களே, அப்படி ஒருநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கடைக்குள் ஃபேன்கூட ஓடவில்லை. மறுநாள் வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரையில் இரண்டே வரி. தேதி தவறு, அமைப்புகள் அழிந்துவிட்டன. மதர்போர்டில் இருந்த இந்த பேட்டரி செத்துப்போய்விட்டது. நீ பிராசஸருக்கு வைத்துவிட்டுப் போன வேகம், வோல்ட்டேஜ் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, கம்பெனியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே மெஷின் உட்கார்ந்திருந்தது.

அழுதுவிட்டேன். பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்கா எட்டிப் பார்த்து, "என்னாச்சு, ஹார்டு டிஸ்க் போயிருச்சா?" என்றார். இல்லை என்றேன். "கல்யாண வீடியோ எதுவும் அழிஞ்சுருச்சா?" அதுவும் இல்லை. "அப்பறம் எதுக்குடி அழுவுற?" என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயமான கேள்விதான். சில எண்கள் அழிந்ததற்கு ஒருத்தி அழுதால் யாருக்குப் புரியும்?

நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் கெமிஸ்ட்ரி படித்தவர்கள். நீ ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஃபேக்டரி லேபுக்குப் போனாய். எனக்குப் பொறுமை கிடையாது என்பதால் பியூரெட் பக்கமே போகாமல் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கல்யாண வீடியோ எடிட்டிங் கடை போட்டேன். இருவரில் யார் பிழைக்கத் தெரிந்தவள் என்று பத்து வருஷம் சண்டை போட்டோம். அரியலூர் பஸ்ஸில் உன் வார லீவு நாளில் வந்து இறங்குவாய். எனக்கும் சேர்த்துப் புளிசாதம் கொண்டுவருவாய், நான் எடிட் செய்த வீடியோவில் எத்தனை இடத்தில் ரோஜாப்பூ பறக்கிறது என்று எண்ணிச் சொல்லிக் கேவலப்படுத்துவாய்.

இந்த ஓவர்கிளாக் பைத்தியத்தை ஆரம்பித்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். புது மெஷின் வாங்கிய மார்கழியில், கம்ப்யூட்டர் எழும்போதே திறக்கிற பயாஸ் என்கிற அமைப்புத் திரையில் ஒரு பட்டனைப் பார்த்தேன். அதை அழுத்தினால் பிராசஸர் தானாகவே கூடுதல் வேகத்தில் ஓடுமாம். அழுத்தினேன். ஓடியது. ஒரு மணி நேர வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. ஜெராக்ஸ் கடை வரைக்கும் போய்ப் பீற்றிக்கொண்டேன். மார்கழிக் குளிரில் எந்த மெஷினும் ஓடும் என்று சொல்ல நீ அப்போது பக்கத்தில் இல்லை.

வைகாசியில் தெரிந்தது. எறையூரிலிருந்து ஒரு கரும்பு விவசாயி, மகள் கல்யாண வீடியோவுக்காக வந்து கடையில் உட்கார்ந்திருந்தார். எடிட் செய்ததை முழு வீடியோவாக்க மூன்று தடவை ரெண்டர் போட்டேன். மூன்று தடவையும் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிற இடத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, மாப்ளயும் பொண்ணும் சாயங்காலம் ஊருக்குக் கெளம்புறாங்க. உன் பொட்டில இன்னும் தாலியே கட்டலயே" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் முன்னாலேயே உனக்கு போன் போட்டேன்.

"அந்தப் பட்டன மொதல்ல எடு. பழைய வேகத்துலயே ஓடவுடு. நான் லீவுக்கு வரேன்" என்றாய். எடுத்தேன். திரையில் மாப்பிள்ளை தாலி கட்டிவிட்டார்.

நீ வந்ததும் பெட்டியின் பக்கவாட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னது இப்போதும் கேட்கிறது. "எங்க ஃபேக்டரில கூட இவ்ளோ தூசி இல்லடி." ஃபேனுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் மெத்தை மாதிரி படிந்திருந்தது. அன்றைக்குப் பெட்டியை ஊதித் துடைத்ததோடு சரி. மதர்போர்டோடு வந்த கையேட்டைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாய். ஓவர்கிளாக்கைப் பற்றி உனக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த மனுஷி உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

புரட்டாசிக்குக் காத்திருந்தோம். முகூர்த்தம் கிடையாது, எனக்கு வேலை குறைவு. பிராசஸரின் சூட்டை இழுத்து வெளியே விடுகிற பெரிய ஹீட்சிங்க் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். நீ ஒரு நீளமான நோட்டை வாங்கிவந்து அடிஸ்கேலால் கோடு போட ஆரம்பித்தாய். நான் பயாஸைத் திறந்து தயாராக இருந்தேன்.

"மொதல்ல கல்யாண ஃபைல் எல்லாத்தையும் வேற டிஸ்க்குல போடு."

போட்டேன்.

"இப்ப ஒன்னுமே மாத்தாம ஓட்டு. எவ்ளோ சூடு வருதுன்னு எழுதுவோம்."

"ஒன்னுமே மாத்தாததுக்கு எதுக்குடி டெஸ்ட்டு?"

"மாத்துனப்பறம் எதோட ஒப்பிடுவ, உன் தலையோடயா?"

பிராசஸரை முழுமூச்சாக வேலை வாங்கிச் சோதிக்கிற ஒரு புரோகிராமை ஓடவிட்டோம். அதுவும் எப்படி, மத்தியானம் இரண்டு மணிக்கு, கதவைச் சாத்தி, ஏசியை அணைத்துவிட்டு! ஏசி போட்டுக்கொண்டு பாஸ் பண்ணினால் அந்த மார்க் ஏசிக்குத்தான் என்றாய். நாம் இரண்டு பேரும் வேர்வையில் குளித்துக்கொண்டு ஒரு மெஷினின் காய்ச்சலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒவ்வொரு படியாக ஏற்றினோம். ஒரு தடவைக்கு நூறு மெகாஹெர்ட்ஸ், அதாவது புள்ளி ஒன்று கிகாஹெர்ட்ஸ், அவ்வளவுதான். ஏற்று, ஓட்டு, சூட்டை எழுது. எண்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் நிறுத்து. ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்ற விடவே மாட்டாய். வேகத்தையும் வோல்ட்டேஜையும் சேர்த்து ஏற்றிவிடலாமே என்று ஒருமுறை கேட்டதற்கு, "நாளைக்குப் படுத்துக்கிச்சுன்னா எது காரணம்னு யார்கிட்ட கேப்ப?" என்றாய். மூன்று புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸில் தொடங்கியது நாலரையில் வந்து நின்றது. அதற்கு மேலே ஏற்றியதும் நீலத் திரை காட்டிப் படுத்துவிட்டது. வோல்ட்டேஜை இன்னும் ஏற்றலாம் என்று நான் குதித்தேன். நீ ஏற்றவில்லை. எனக்குக் கோபம் வருகிற மாதிரி, நின்ற இடத்திலிருந்தும் ஒரு படி இறங்கி நாலு புள்ளி நாலில் வைத்தாய்.

"நாலரதான் நல்லா ஓடுச்சே!"

"லேபுல சிமெண்ட் கட்டிய மெஷின்ல வச்சு ஒடைக்கிறோம்ல, எதுக்கு? எங்க ஒடையும்னு தெரிஞ்சுக்கத்தான். ஒடையிற எடத்துலயே யாராச்சும் வூடு கட்டுவாங்களா?"

அதோடு விட்டாயா? சிமெண்ட் கட்டியை வார்த்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் உடைத்துப் பார்ப்பீர்களாமே, அதே மூன்று நாளுக்கும் என் கம்ப்யூட்டருக்கு நோட்டில் மூன்று கட்டம் போட்டாய். இருபத்தெட்டாம் நாள் பாஸ் ஆகிற வரைக்கும் இதை யாரிடமும் பீற்றிக்கொள்ளக் கூடாது என்று எனக்குத் தனியாகத் தடை வேறு.

மூன்றாம் நாள் எழுபத்தெட்டு டிகிரி, பாஸ். நீயே லீவு போட்டு வந்து பார்த்தாய். ஆறாம் நாள் ஆயுத பூஜை. ஏழாம் நாள் மத்தியானம் ஓட்டினால் தொண்ணூற்றொன்று! நீ உடனே திருப்புளியை எடுத்தாய். ஹீட்சிங்கைக் கழற்றினாய், பிராசஸரின் சூட்டை அதற்குக் கடத்துகிற பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதுப் பேஸ்ட்டை அரிசி அளவு வைத்தாய், திருகுகளை மாற்றி மாற்றிக் குறுக்காக முடுக்கினாய். மறுபடியும் தொண்ணூறு. வோல்ட்டேஜைக் குறைத்துப் பார்த்தாய். பக்கம் பக்கமாக எழுதினாய். சாயங்காலம் கரும்புக்காரர் மூத்த மகன் வீட்டுப் பேரப்பிள்ளை காதுகுத்துக்கு ஆர்டர் கொடுக்க வந்தார், சிறுவாச்சூர் கோவிலில் வைத்திருக்கிறார்களாம். பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாலைய நல்லா மொகத்துலயே போட்டுருக்கியம்மா. அதுக்கு மூச்சு முட்டாதா?"

சாமந்தி மாலை. பூஜைக்கு நான் போட்டது, எடுக்காமல் விட்டது. காற்றை உள்ளே இழுக்கிற முன்பக்க ஃபேன் முழுவதையும் அது மூடிக்கொண்டிருந்தது. நான்கு பூ உள்ளேயே போயிருந்தது. பொறுமையில்லாத நான் பார்க்காதது பெரிதில்லை. லேப்காரி, நீயும் பார்க்கவில்லை! ஹீட்சிங்க் கழற்றும்போதெல்லாம் அந்த மாலையைப் பயபக்தியோடு ஒதுக்கிவிட்டு, மூடியபின் ஒழுங்காகத் திரும்பச் சாத்தியதே நீதான். தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நோட்டில் காரணம் என்ற இடத்தில் உன் உருண்டை எழுத்தில் இப்போதும் இருக்கிறது: சாமந்திப்பூ.

நாள் கணக்கை ஒன்றிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தாய். மூன்று பாஸ், ஏழு பாஸ். இருபத்தெட்டுக்கு முன்னால் உனக்கு வயிற்றுவலி என்று திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் நான் கடையைத் திறந்த நாளே குறைவு. இருபத்தெட்டாம் நாள் எப்போது வந்து போனதென்றே எனக்குத் தெரியாது.

உனக்கு ஞாபகம் இருந்தது. கையில் ஊசி குத்திப் படுத்திருந்தவள், நான் உள்ளே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இருபத்தெட்டு பாத்தியா?"

"பாத்தேன்டி. எம்பது கூடத் தாண்டல. எழுதிட்டேன்" என்றேன்.

நீ "ம்" என்றாய். கண்ணை மூடிக்கொண்டாய். தை பிறந்த பிறகு நீ இல்லை.

அது பொய். உன்னிடம் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், சாப்பிட்டுவிட்டேன், பஸ் ஏறிவிட்டேன் என்று. அதெல்லாம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இது அப்படியில்லை. உன்னிடம் கடைசியாகச் சொன்ன விஷயங்களில் ஒன்று பொய்யாக இருக்கிறதே என்று இந்த இரண்டு வருஷமும் எனக்கு உறுத்தியது. மெஷின் என்னவோ ஒரு குறையுமில்லாமல் ஓடியது. அதனாலேயே இன்னும் அதிகமாக உறுத்தியது. அந்த நோட்டை நான் திறக்கவே இல்லை.

பேட்டரி செத்த அன்றைக்குத் திறந்தேன். வேறு வழியில்லை, எண்கள் அதில்தான் இருந்தன. பார்த்துத் தட்டினால் ஐந்து நிமிஷ வேலை. தட்டக் கையும் வைத்துவிட்டேன். அப்போதுதான் இருபத்தெட்டாம் நாள் கட்டத்தைப் பார்த்தேன். அங்கே நீ பென்சிலில் எழுதியிருந்ததைப் படித்ததும் பயாஸிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். புது பேட்டரி போட்டேன். கல்யாண ஃபைல்களை வேறு டிஸ்க்கில் போட்டேன். தூசி ஊதினேன், காய்ந்து போயிருந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக அரிசி அளவு வைத்தேன். ஒன்றுமே மாற்றாமல் ஓட்டி எழுதினேன். நீ பார்த்திருந்தால் எனக்குக் காய்ச்சலா என்று கேட்டிருப்பாய். நூறு நூறாக ஏற்றி உன் நாலு புள்ளி நாலுக்குக் கொண்டுவந்தேன். மூன்றாம் நாள், சித்திரை வெயில், மத்தியானம் இரண்டு மணி, ஏசி கிடையாது. சோதனை பாதியில் பிழை காட்டி நின்றுவிட்டது.

உன் எண் நிற்கவில்லை. வோல்ட்டேஜைக் கொஞ்சம் ஏற்றினால் நின்றிருக்கும், உன் எண்ணைக் காப்பாற்றியிருக்கலாம். சூடு ஏற்கெனவே எண்பத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிராசஸருக்கும் வயசாகிறது, நமக்கு ஆகிறதைப் போல. எனக்கு மட்டும் ஆகிறது என்று திருத்திக்கொள்கிறேன். அரைமணி நேரம் திரையைப் பார்த்து உன்னோடு சண்டை போட்டேன். கடைசியில் ஒடையிற இடத்தில் வூடு கட்டாதே என்று என்னிடம் நானே சொல்லிக்கொண்டு ஒரு படி இறங்கினேன். நாலு புள்ளி மூன்று. நாள் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

மூன்று பாஸ். ஏழு பாஸ். இடையில் ஐந்து கல்யாணம், ஒரு வளைகாப்பு, எல்லாம் அந்த வேகத்திலேயே முடிந்தன. ஒருவரிடமும் பீற்றிக்கொள்ளவில்லை. கேட்டுப் பார், ஜெராக்ஸ் கடை அக்கா சாட்சி.

இன்றைக்கு இருபத்தெட்டு. ஏசியை அணைத்துக் கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் ஓட்டினேன். அக்கா கதவைத் தட்டி, "உள்ள என்னடி பண்ற, வெந்துருவ" என்றார். டெஸ்ட் என்றேன். உனக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்திருக்கிறேன். பெட்டிமேல் இல்லை, ஜன்னலில் வைத்திருக்கிறேன், காற்று தாராளமாகப் போகிறது. எண்பத்தொரு டிகிரி. ஒரு பிழையும் இல்லை.

நோட்டை எடுத்தேன். உன் பென்சில் எழுத்து கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே, என்னைப் பற்றி எல்லாம் தெரிந்து, அந்தக் காலிக் கட்டத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாய்: பாக்காம எழுதாதடி.

எழுதவில்லையடி. சொன்னதுதான் பொய், கட்டம் காலியாகவே இருந்தது. இப்போது பேனாவில் எழுதியிருக்கிறேன். 4.3, எண்பத்தொன்று, மத்தியானம் இரண்டு மணி, ஏசி இல்லாமல். பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.