ரோய்மாட்டாவின் ஊர்க்கூட்டம்

11 ஜனவரி 2025, சனி

பின்னேரம் நாலு மணிக்கு ரோய்மாட்டா எங்கள் கனடா வீட்டின் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். அவளுடைய ஊரில் அது ஞாயிறு காலை. நியூசிலாந்தின் வடக்கில், ஒரு குடாவை ஒட்டிய சின்ன மாவோரிக் குடியிருப்பு. அரசாங்கம் அங்கே தெருவுக்குத் தார் போடுவதோடு சரி. மற்றதெல்லாம் — பொதுநிலம், மண்டபம், சவக்காலை, கடலில் எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது — ஊர்க்குழு முடிவு செய்கிறது. தலைவரையும் சேர்த்து எட்டுப் பேர். வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களுக்கென்று அதில் ஒரு இடம். போன வருடம் என் மனைவியை அந்த இடத்துக்குத் தெரிவு செய்தார்கள்.

கூட்டம் நடந்தால் நான் பேஸ்மென்றுக்குப் போய்விடுவேன். இன்றும் போனேன். கொஞ்ச நேரத்தில் மகள் நடாஷா படியில் நின்று, "அப்பா, அம்மா கமெராவை ஓஃப் பண்ணிப்போட்டு அழுறா" என்றாள்.

விஷயம் இதுதான். குடாவில் சிப்பி அருகிப்போனதால் போன வருடம் ஊர்க்குழு தடை போட்டது. ராஹூயி என்பார்கள். யாரும் ஒரு சிப்பிகூடத் தோண்டக்கூடாது. தடையை மண்டபத்தில் நின்று அறிவித்தவன் தலைவர் ராவிரி, ரோய்மாட்டாவின் அண்ணன். போன கிழமை ஒரு மாமியின் செத்தவீடு. எங்கெங்கிருந்தோ சனம் வந்துவிட்டது. வந்தவர்களுக்குக் குடாவின் சிப்பி போடாவிட்டால் ஊருக்கு மானக்கேடு என்று விடியற்காலையில் ராவிரியே இறங்கிச் சாக்குச் சாக்காகத் தோண்டியிருக்கிறான்.

ஒக்டோபரில் ஒரு இளம் குடும்பம் ஒரு வாளி எடுத்ததற்கு, ஒரு வருடம் மண்டபத்தில் வாய் திறக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னவனும் அவன்தான். இப்போது அவனை என்ன செய்வது என்று குழு கை தூக்கி முடிவு செய்யவேண்டும்.


12 ஜனவரி

மாதா கோயிலில் பூசை முடிந்து, ஸ்காபரோவில் என் அக்கா வேரோனிக்கா வீட்டில் சாப்பாடு. அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

"செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்குச் சாப்பாடு குடுத்தது ஒரு குற்றமே?" என்று கேட்டா. பிறகு என்னைப் பார்த்தே சொன்னா: "கூடப்பிறந்தவனுக்கு எதிரா இவள் கை தூக்கினால், பிறகு எந்த முகத்தோட அந்த வீட்டுப் படியேறுவாள்?"

ரோய்மாட்டாவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் எங்கள் கிழவிகளைக் குளிக்க வார்த்து, சாப்பாடு தீத்தி, அவர்களிடமே தமிழ் படித்தவள். அதனால்தான் என்னை "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுகிறாள். அஜக்ஸில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்வரை 401 நெடுஞ்சாலையின் பெயர்ப்பலகைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.


14 ஜனவரி

தேத்தண்ணியை இரண்டு தரம் சூடாக்கினாள். இரண்டு தரமும் குடிக்கவில்லை.


18 ஜனவரி, சனி

இன்று நான் பேஸ்மென்றுக்குப் போகவில்லை. கமெராவில் படாமல் அடுப்படியில் நின்றேன்.

ராவிரி தன் விஷயத்தில் வாக்களிக்க முடியாது. மூன்று பேர் அவன் பதவி விலக வேண்டும் என்கிறார்கள். மூன்று பேர் மன்னித்துவிடலாம் என்கிறார்கள். மிச்சம் இவள்.

குழுவில் மூத்தவர் ஹேரா அன்ரி. அவர் ஏதோ சொன்னார், எல்லோரும் அடங்கிவிட்டார்கள். என்ன என்று பிறகு கேட்டேன். மண்டபக் கூரை, வேலி, தண்ணீர் பற்றி எல்லாம் திரையில் பேசலாம். ஒரு மனிதனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதென்றால் அவன் முகத்துக்கு முன்னால், மண்டபத்தில் நின்றுதான் சொல்லவேண்டும். அது ஊர்ச்சட்டமாம். வாக்கெடுப்பைப் பெப்ரவரி நடுவுக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

"நான் போகவேணும், மாக்கஸ்" என்றாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

போகட்டும். அண்ணன் விஷயம், போகத்தான் வேண்டும். ஆனால் போனால் — திரும்பி வருவாளா? என்ன பைத்தியக்கார யோசனை இது. இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவள். பைத்தியக்கார யோசனைதானா?


25 ஜனவரி

எங்கள் ஊர்ச்சங்கத்தின் நிர்வாகக் கூட்டம். மன்னார்க் கரையோரத்து ஒரு சின்ன ஊரின் சனத்துக்கு ஸ்காபரோவில் ஒரு சங்கம். நான் பல வருடமாக நிர்வாகத்தில் இருக்கிறேன். தலைவர் சீமோன் அண்ணை என்னைக் கண்டதும் முதலில் கேட்டது: "ரோய்மாட்டா வரேல்லையோ? அப்ப தேத்தண்ணியை ஆர் பாக்கிறது?"

நானே பார்த்தேன். சீனி கூடிவிட்டது.


8 பெப்ரவரி

அவளைப் பியர்சன் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். மார்ச் முதலாம் தேதி திரும்புவதாக ரிக்கற். உள்ளே போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் கையைக் காட்டினேனா இல்லையா என்று நினைவில்லை. காரில் அதையே யோசித்துக்கொண்டு வந்து, எக்ஸிற்றைத் தவறவிட்டு, பிக்கரிங்கில் இறங்க வேண்டியதை விற்பி வரை போய்விட்டேன். பிக்கரிங் என்று எழுதியதும் பிழை, நான் இறங்க வேண்டியது அஜக்ஸில்.


15 பெப்ரவரி, சனி

இப்போது அங்கே கூட்டம். இதற்குத் திரை இல்லை. முன்வாசல் பனியை அள்ளினேன். அள்ளிய இடத்தில் மறுபடி கொட்டியது. மறுபடி அள்ளினேன். நடாஷா யன்னலால் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ரோய்மாட்டா போன் எடுத்தாள்.  எல்லோரும் பேசினார்களாம். ஒருவரையும் இடையில் நிறுத்தவில்லையாம். வாளிக் குடும்பத்துப் பெண்ணும் பேசினாள். அவளுக்குப் பேசத் தடை, ஆனாலும் இன்றைக்கு மட்டும் பேசட்டும் என்று ஹேரா அன்ரி விட்டிருக்கிறார். நான் என் பிள்ளைகளுக்கு எடுத்தேன், நீ விருந்தாளிகளுக்கு எடுத்தாய், எந்தப் பசி பெரிய பசி என்று ராவிரியைக் கேட்டாளாம்.

பிறகு ரோய்மாட்டா எழும்பியிருக்கிறாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். ஆங்கிலத்தில் தொடங்கி, நடுவில் தமிழுக்கு வந்தாள்.

"கடையில வாங்கின ரின் மீனும் உருளைக்கிழங்கும் போட்டிருக்கலாம் அண்ணா எண்டனான். வந்த சனம் எங்களைப் பாத்துச் சிரிச்சிருக்கும். அந்தச் சிரிப்பைத் தாங்கிறதுதான் இந்தத் தடை. மற்ற ஆக்களைத் தாங்கச் சொன்னம். நாங்களும் தாங்கியிருக்கவேணும்."

அதைச் சொல்லிவிட்டுக் கையைத் தூக்கியிருக்கிறாள்.

ராவிரி தலைவர் பதவியை விட்டுவிட்டான். ஒரு வருடம் மண்டபத்தில் பேச முடியாது. சமையற்கட்டில் வேலை செய்யலாம். என்ன சொன்னான் என்று கேட்டேன். தலையை ஆட்டினான், அவ்வளவுதான் என்றாள். பிறகு கனநேரம் அழுதாள். நான் போனைக் காதில் வைத்தபடி இருந்தேன். வேறு என்ன செய்ய.


22 பெப்ரவரி

இதை ஆறிய பிறகு எழுதவேண்டும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

அவளைத் தலைவராக இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். பெயரைச் சொன்னது ஹேரா அன்ரி. சொந்த அண்ணனிடம் பிழையைச் சொல்லமுடிந்தவள் எங்களிடமும் சொல்லுவாள் என்றாராம். தலைவர் ஊரில் குடியிருக்க வேண்டும். தடை நீங்கும் வரைக்குமாவது, அதாவது அடுத்த வருடக் கடைசி வரை. வீட்டில் கேட்டுச் சொல்லுகிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறாள்.

கேட்டாள். நான் போனில் கத்தினேன். என்ர வீடு என்ன சத்திரமே? பிள்ளைக்கு என்ன பதில் சொல்லுறது? பிறகு — பிறகு ஏன் என்னைக் கட்டினனீ எண்டும் கேட்டுப்போட்டன்.

 அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாக்கஸ், இருபத்திரண்டு வருசம் நான் உங்கட ஆக்களோட இருந்தனான். கலியாணவீடு, செத்தவீடு, கோயில் திருநாள். எல்லாத்துக்கும் சமைச்சன், கழுவினன். ஒருநாளாவது, ஒருத்தராவது, நீ என்ன நினைக்கிறாய் ரோய்மாட்டா எண்டு கேட்டவையா? நீங்கள் கேட்டனீங்களா?"

நான் போனை வைத்துவிட்டேன்.


23 பெப்ரவரி

பூசைக்குப் போகவில்லை.


26 பெப்ரவரி

கேட்டிருக்கிறேனா? ஒன்றையாவது ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். அஜக்ஸில் வீடு வாங்கும்போது? நான் பார்த்து முடிவு செய்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். அவள் சந்தோஷப்பட்டாள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன்.

காலை ரெயினில் யூனியன் ஸ்ரேஷன் வரை இதே யோசனை. நான் பராமரிப்பு வேலை செய்யும் கட்டடத்தில், பத்தாம் மாடியில் ஒரு ஹீற்றரைப் பார்க்கச் சொன்னார்கள். ஒன்பதில் போய் நின்றேன்.

பின்னேரம் நடாஷா சாப்பிட்டுக்கொண்டே, சங்கத்தின் சட்ட யாப்பைப் போனில் எடுத்துப் பார்த்ததாகச் சொன்னாள். அதில் மூன்றாம் பிரிவு: அங்கத்தவர் என்பவர் ஊரில் பிறந்தவர், அல்லது அவருடைய பிள்ளை. "நான் அந்த ஊரைக் கண்டதே இல்லை. நான் மெம்பர் ஆகலாம். அம்மா ஆகேலாது. இட்ஸ் சோ வியேர்ட். உங்களுக்கு ஒருநாளும் தோணேல்லையா அப்பா?"

ஒவ்வொரு வருடமும் அந்தப் பிரிவை உரத்து வாசிக்கிறவன் நான்தான்.


1 மார்ச்

இன்று வந்திருக்க வேண்டும். ரிக்கற்றை மாற்றிவிட்டாள்.


15 மார்ச், சனி

சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். ஸ்காபரோவில் ஒரு கோயில் மண்டபம். மூன்றாம் பிரிவு வந்தபோது, வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒரு திருத்தம் சொன்னேன்: ஊரவரைக் கட்டியவர்களும் அங்கத்தவர் ஆகலாம், வாக்களிக்கலாம்.  இந்த மனிதர்கள் எல்லாம் என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர்கள்.

சீமோன் அண்ணை சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "தம்பி, மருமக்கள் எல்லாரும் எங்கட பிள்ளையள்தானே. பிள்ளையளுக்கு ஏன் சட்டம்?"

"பிள்ளையள் எண்டால் கையைத் தூக்க விடுங்கோ அண்ணை" என்றேன்.

பின்னாலிருந்து ஒருவர், பெண்சாதி வீட்டை விட்டுப் போனதுக்குச் சங்கத்தில் மருந்து தேடுறார் என்றார். சிலர் சிரித்தார்கள். கால்கள் வெளியே போகவே பார்த்தன. போகவில்லை. கைகளைத் தூக்கச் சொன்னார்கள். எண்ணவே தேவையில்லாத தோல்வி. நடாஷா முன்வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டு இருந்தாள். திரும்பிப் பார்த்தால், கடைசி வரிசையில் வேரோனிக்கா அக்காவும்.

கார் பார்க்கில் அக்காவிடம் கேட்டேன். கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே சொன்னா: "உனக்காக இல்லை. அவள் கூடப்பிறந்தவன்ர முகத்தைப் பாத்துச் சொன்னவள். என்னால ஏலாது."


16 மார்ச்

ரோய்மாட்டாவுக்குப் போன் எடுத்தேன். தோற்றதைச் சொன்னேன்.  பகிடி பண்ணினவையோ என்று கேட்டாள். ஓம் என்றேன். "பாவம்" என்றாள், எங்கள் கிழவிகள் இழுக்கிறமாதிரி இழுத்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

"நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டேன். இந்த வயதில் அதைக் கேட்க வெட்கமாக இருந்தது. அவள் சொல்லத் தொடங்கினாள். ஹேரா அன்ரிக்கு உடம்பு இயலாமல் வருகிறது. வாளிக் குடும்பமும் ராவிரியும் ஒரே நேரத்தில் தண்டனையில் இருப்பதால் ஊரே இரண்டாக நிற்கிறது. யாராவது நடுவில் இருக்கவேண்டும். தன்னால் முடியும் என்று நினைக்கிறாள். பயமாகவும் இருக்கிறது. நான் குறுக்கே பேசவில்லை. இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினேன்.

முடிந்ததும், ஓம் எண்டு சொல்லு என்றேன்.


4 மே

ஓம் எண்டு சொல்லச் சொன்னது சரியா? அவள் இப்போது ஊரின் தலைவர். வீடு முழுக்க அவள் இல்லாத சத்தம். மேசையில் வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது ஒரு பக்கம். மற்றப் பக்கம், அவளிடம் போகலாம் என்றால் அங்கே நான் என்ன செய்வேன்? கடல் தெரிந்த ஊரில் பிறந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. அவர்கள் பாஷை தெரியாது. அங்கேயும் மருமகனுக்கு வாக்கு இல்லையாம், விசாரித்துவிட்டேன். சட்டம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்று அவளிடம் கொஞ்சம் குத்தலாகச் சொன்னேன். "ஓம். அதையும் ஒருநாள் மண்டபத்தில கேக்கவேணும்" என்றாள்.

வேலையில் ஆறு மாதம் சம்பளமில்லாத லீவு கேட்டிருக்கிறேன். நடாஷா என் அக்கா வீட்டில் நிற்பாளாம். அவளுக்கு யூனிவேர்சிற்றி அங்கிருந்து கிட்ட. எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.


27 ஜூலை, ஞாயிறு

நேற்று வந்துசேர்ந்தேன். இங்கே ஜூலையில் மாரிக்காலம், மெல்லிய மழை. புதிதாக வருகிறவனை மண்டப முற்றத்துக்கு வெளியே நிறுத்தி, கூப்பிட்டுத்தான் உள்ளே எடுப்பார்கள். ரோய்மாட்டா ஊராட்களோடு அந்தப் பக்கம் நின்றாள். நான் இந்தப் பக்கம் தனியே, ஸ்காபரோவில் வாங்கிய கோட்டோடு.

வந்தவன் பேசவேண்டும். எந்தப் பாஷையிலும் பேசலாம். தமிழில் பேசினேன். என் பெயர், தகப்பன் பெயர், ஊர். விளங்காத பேச்சை முடியும்வரை கேட்டார்கள். பேசினால் ஒரு பாட்டும் பாடவேண்டுமாம். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாதா பாட்டு ஒன்றைத் தொடங்கினேன், முதல் வரியிலேயே குரல் உடைந்தது.

ரோய்மாட்டா முற்றத்தைக் கடந்து வந்து என் பக்கத்தில் நின்று மிச்சத்தைப் பாடினாள். முழுவதும் தமிழில்.


10 ஓகஸ்ட், ஞாயிறு

ஊர்க்கூட்டம். எனக்கு இடம் சமையற்கட்டு. ராவிரிக்கும் அதுதான். பெரிய மனிதன், கதவை அடைத்துக்கொண்டு நிற்பான். அவன் கழுவினான், நான் துடைத்தேன். ஆங்கிலத்தில் மெதுவாக, கனடாவில் பனி எவ்வளவு உயரம் என்று கேட்டான். கையால் காட்டினேன்.

சாப்பாடு கொடுக்கும் சின்ன யன்னலால் மண்டபத்துப் பேச்சு வந்தது. யாரோ கோபமாகப் பேசினார்கள். பிறகு ரோய்மாட்டாவின் குரல், அவசரமில்லாமல். ராவிரி தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டான். குடாவை இப்போதே திறக்கச் சொல்லிச் சிலர் கேட்கிறார்களாம்.

"அவள் என்ன சொல்கிறாள்?" என்றேன்.

"இன்னும் இல்லை என்கிறாள்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "சரியாகத்தான் சொல்கிறாள்" என்றான்.

கோப்பைகள் எல்லாம் முடிந்துவிட்டன. ஈரத்துணியைக் கம்பியில் போட்டோம். இரண்டு பேரும் போகவில்லை, அந்த யன்னலடியில் நின்றோம்.